பிள்ளைகளுக்கு ஒரு சிற்றில்



புதிதாக வீடு கட்டுவோர் எத்தனையோ கணக்குப் போடுகின்றனர். சமையற்கட்டு எந்தப் பக்கம், விருந்தினர் அமர எவ்வளவு இடம், பெண்கள் புழங்கத் தனி வழி, தொழுகைக்கு ஓர் அறை என ஒவ்வொன்றும் அளந்து பிரிக்கப்படுகிறது. அந்த வீட்டில் ஓடியாடும் ஏழு வயதுப் பிள்ளைக்கு, ‘இது என்னுடைய இடம்’ என்று சொல்லிக்கொள்ள நான்கு சதுர அடியாவது ஒதுக்கப்படுகிறதா? கட்டிலுக்கு அடியிலும், மாடிப்படியின் கீழும், பீரோவுக்கும் சுவருக்கும் இடையிலும் பிள்ளைகள் போய் ஒடுங்குவதை அன்றாடம் பார்க்கிறோம். ‘பூச்சி பொட்டு இருக்கும், வெளியே வா’ என்று அதட்டுகிறோம். அங்கே ஏன் போகின்றனர் என்று ஒருநாளும் கேட்பதில்லை.

தோட்டமோ கொல்லையோ உள்ள வீட்டார், தம் பிள்ளைகளுக்காக அங்கே மரத்தாலான ஒரு சிறு குடிலை அமைத்துத் தர வேண்டும் என்பதே இம்மாதம் நான் உங்கள்முன் வைக்கும் வேண்டுகோள். இது மேல்நாட்டு நாகரிகம் என்றோ, பணம் படைத்தோரின் பொழுதுபோக்கு என்றோ எண்ணிவிட வேண்டாம். இதற்கு நம் தமிழில் பழமையான பெயர் உண்டு. நம் மார்க்கத்தின் பார்வையிலும் இதற்கு இடம் உண்டு.

தமிழ் தந்த பெயர்

அந்தப் பெயர்தான் ‘சிற்றில்’. சிறிய இல் என்பது பொருள். சிறுமியர் மணலைக் குவித்துக் கட்டி விளையாடும் சின்னஞ்சிறு வீட்டைச் சங்க நூல்களிலேயே காணலாம். பிற்காலத்தில் பிள்ளைத்தமிழ் என்னும் இலக்கிய வகை வளர்ந்தபோது, ஆண்பாற் பிள்ளைத்தமிழின் பத்துப் பருவங்களுள் ஒன்றாகவே சிற்றில் இடம்பெற்றது. தாங்கள் கட்டிய மணல் வீட்டை அழித்துவிட வேண்டாம் என்று சிறுமியர் பாட்டுடைத் தலைவனாகிய சிறுவனிடம் மன்றாடுவதே அப்பருவம். நம் இஸ்லாமியத் தமிழ்ப் புலவர்களும் பிள்ளைத்தமிழ் நூல்கள் பல இயற்றியுள்ளனர் என்பதை நீங்கள் அறிவீர்கள்.

நான் இதை எழுதும் வட்டாரத்திற்கும் இச்சொல்லுக்கும் நெருங்கிய உறவு உண்டு. இராஜபாளையத்திலிருந்து சுமார் 12 கிலோமீட்டர் சென்றால் ஸ்ரீவில்லிபுத்தூர். அவ்வூரில் தோன்றிய வைணவப் பெண்புலவர் ஆண்டாளின் நாச்சியார் திருமொழியில், சிற்றில் அழிக்கப்படுவதைக் கண்டு சிறுமியர் முறையிடுவதாகவே ஒரு பதிகம் அமைந்துள்ளது. சமயத்தால் நாம் வேறு வழியினர். எனினும் முதுகு நோவ மணலைக் கொழித்து ஒரு வீடு கட்டிய சிறுமியின் மனம் எந்தச் சமயத்து வீட்டிலும் ஒன்றுதான்.

இங்கே ஒன்றைச் சிந்திக்க வேண்டும். நம் புலவர்கள் சிற்றிலைக் கட்டும் கையை மட்டும் பாடவில்லை. அதைச் சிதைக்கும் காலையும் சேர்த்தே பாடினர். இலக்கியத்தில் சிதைப்பவன் ஒரு குறும்புச் சிறுவன். இன்று நம் வீடுகளில் சிதைப்பவர்கள் யார்? பிள்ளை அட்டைப்பெட்டியை அடுக்கிப் போர்வை போர்த்திக் கட்டிய வீட்டை, ‘இது என்ன குப்பை’ என்று ஒரே இழுப்பில் இழுத்தெறிபவர்கள் பெரியவர்களாகிய நாமல்லவா?

திரையை விலக்கியது காற்று

மார்க்கம் இதைப் பற்றி என்ன சொல்கிறது என்று கேட்பீர்கள். அபூதாவூத் நூலில் பதிவாகியுள்ள ஒரு நிகழ்ச்சியை நம்மில் பலர் கேட்டிருக்கிறோம். பெருமானார் (ஸல்) அவர்கள் ஒரு போர்ப் பயணத்திலிருந்து இல்லம் திரும்புகிறார்கள். அன்னை ஆயிஷா (ரலி) அவர்களின் மாடத்தில் ஒரு திரை தொங்குகிறது. அதன் பின்னே அவர்களுடைய பொம்மைகள் இருக்கின்றன. காற்று வீசித் திரையின் ஓரம் விலக, பொம்மைகள் தெரிகின்றன. அவை என்னவென்று நாயகம் (ஸல்) அவர்கள் வினவுகிறார்கள். அவற்றின் நடுவே துணியால் ஆன இரு இறக்கைகளுடன் ஒரு குதிரை! குதிரைக்கு இறக்கையா என்று கேட்டபோது, சுலைமான் (அலை) அவர்களின் குதிரைகளுக்கு இறக்கைகள் இருந்ததைத் தாங்கள் கேட்டதில்லையா என்று அன்னையவர்கள் திருப்பிக் கேட்டார்கள். அண்ணலார் கடைவாய்ப் பற்கள் தெரியுமளவு சிரித்தார்கள்.

இந்நிகழ்ச்சியைச் சொல்லும்போது நாம் குதிரையின் இறக்கையோடு நின்றுவிடுகிறோம். திரையையும் சற்றே கவனிக்க வேண்டும். அந்த மாடம் திரையிட்டு மறைக்கப்பட்ட ஒரு தனியிடம். அதை விலக்கியது காற்று. நாயகத்தின் கரம் அன்று. உள்ளே இருந்ததைக் கண்டபோதும் அவர்கள் கடிந்துகொள்ளவில்லை. கேட்டார்கள், விடையை மதித்தார்கள், மகிழ்ந்தார்கள். புகாரி நூலில் மற்றொரு செய்தியும் உண்டு. ஆயிஷா (ரலி) அவர்களுடன் விளையாடும் தோழியர், நபியவர்கள் நுழைந்ததும் ஓடி ஒளிந்துகொள்வார்கள். நபியவர்களோ அவர்களை மீண்டும் விளையாட அனுப்பிவைப்பார்கள். ஒளிந்தவரைப் பிடித்து விசாரிக்கும் வழக்கம் அந்த வீட்டில் இல்லை.

திருக்குர்ஆனின் யூசுஃப் அத்தியாயத்தையும் எண்ணிப் பாருங்கள். யூசுஃபை (அலை) தங்களுடன் அனுப்புமாறு சகோதரர்கள் தந்தையிடம் கேட்டபோது, அவர் உண்டு விளையாடட்டும் என்பதையே காரணமாகக் காட்டினர். யஃகூப் (அலை) அவர்கள் விளையாட்டைக் குறை கூறவில்லை. அவர்கள் அஞ்சியது இரண்டை: ஓநாயை, உடன் செல்வோரின் கவனக்குறைவை. பிள்ளை வளர்ப்போர் கைக்கொள்ள வேண்டிய அளவுகோல் இதுவே. விளையாட்டைத் தடுக்க வேண்டாம், கவனக்குறைவைத் தடுங்கள். இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்களும் தம் இஹ்யாவில், ஓதி முடித்து வரும் பிள்ளையை நல்ல விளையாட்டில் ஈடுபட விட வேண்டும் என்றும், அதைத் தடுத்து எந்நேரமும் பாடத்திலேயே வாட்டினால் உள்ளம் மடிந்து அறிவு மழுங்கும் என்றும் எச்சரித்துள்ளார்கள். மதரஸாவில் ஓதிக்கொடுக்கும் என் போன்றோர்க்கு அன்றாடம் கண்முன் தெரியும் உண்மை இது.

ஆய்வாளர் கண்டதும் அணில் காட்டுவதும்

டேவிட் சோபல் என்னும் அமெரிக்கக் கல்வியாளர் இங்கிலாந்தின் டெவன் பகுதியிலும், கரீபியக் கடலிலுள்ள கரியாக்கூ என்னும் சிறு தீவிலும் பிள்ளைகளின் மறைவிடங்களைத் தேடிச் சென்று ஆராய்ந்து, 1993 ஆம் ஆண்டில் ஒரு நூல் வெளியிட்டார். ஓரிடம் செழிப்பானது, மற்றோரிடம் எளியது. ஆயினும் இரண்டிலும் ஆறேழு வயது முதல் பன்னிரண்டு வயது வரையிலான பிள்ளைகள் புதர்களிலும் மரங்களிலும் தமக்கென்று இரகசிய வீடுகள் அமைத்துக்கொண்டிருந்தனர். தாய் மடியிலிருந்து இறங்கி உலகில் கால் வைக்கும் பருவத்தில், இடையே ஒரு திண்ணைபோல் பிள்ளைக்கு இத்தகைய இடம் தேவைப்படுகிறது என்பதே அவர் கண்ட முடிவின் சாரம்.

அதற்கும் ஐம்பது ஆண்டுகளுக்கு முன்னர், 1943 ஆம் ஆண்டில், ஜெர்மானியப் படையின் பிடியிலிருந்த டென்மார்க் நாட்டின் கோபன்ஹேகன் நகரில், எம்ட்ரப் என்னுமிடத்தில் வினோதமான ஒரு விளையாட்டுத் திடல் தொடங்கப்பட்டது. அழகிய ஊஞ்சல்களையும் சறுக்குகளையும்விட, கட்டடம் கட்டுமிடத்தில் கிடக்கும் பலகைத் துண்டுகளையே பிள்ளைகள் அதிகம் விரும்புகின்றனர் என்பதைக் கண்டவர் சோரன்சன் என்னும் தோட்டக்கலை வல்லுநர். அவருடைய யோசனைப்படி அங்கே பழைய மரமும் செங்கலும் கருவிகளும் பிள்ளைகளின் கையில் தரப்பட்டன. அவர்களே குடில்கள் கட்டினர். போர் முடிந்தபின் அதைக் கண்டு வியந்த ஆலன் சீமாட்டி, குண்டு வீச்சால் பாழ்பட்ட இங்கிலாந்து நகரங்களில் அதைப் பரப்பினார். போரின் அச்சம் சூழ்ந்த காலத்திலும் பிள்ளைகள் கேட்டது நான்கு பலகைகளைத்தான்!

வெளிநாட்டுச் சான்று எதற்கு என்பீராயின், நம் மலையடிவாரத்திலேயே ஒரு சான்று உண்டு. ஸ்ரீவில்லிபுத்தூரை அடுத்த செண்பகத்தோப்புப் பக்கம் சென்றோர் சாம்பல் நிறப் பெரிய அணிலைக் கண்டிருப்பர். அதன் பாதுகாப்புக்காகவே 1988 ஆம் ஆண்டில் சுமார் 485 சதுர கிலோமீட்டர் பரப்பில் சரணாலயம் அமைக்கப்பட்டது. 2021 ஆம் ஆண்டில் அது மேகமலையுடன் இணைந்து புலிகள் காப்பகமாயிற்று. அந்த அணில் தன் கூட்டை எங்கே கட்டுகிறது தெரியுமா? உயரத்தில், ஒரு மரத்தின் கிளைகள் அடுத்த மரத்தின் கிளைகளைத் தொடும் இடத்தில் இலையும் சுள்ளியும் கொண்டு கட்டுகிறது. ஆபத்து வந்தால் அடுத்த மரத்திற்குத் தாவிவிடலாம். உள்ளே மறைவு, வெளியே பார்வை, வெளியேற வழி ஆகிய மூன்றும் அமைந்த இடமே நல்ல கூடு. பிள்ளையின் குடிலுக்கும் இலக்கணம் இதுதான்.

இன்று ஏன் இது அவசியம்?

சுபுஹுக்குப் பின் மக்தப், பிறகு பள்ளிக்கூடம், மாலையில் டியூஷன், இரவில் வீட்டுப்பாடம். எஞ்சிய நேரத்தை விழுங்கக் கைப்பேசி காத்திருக்கிறது. பிள்ளையின் நாள் முழுவதும் பிறர் போட்ட கோட்டின் மீதே ஓடுகிறது. தானாக ஒன்றை எண்ணி, தானாக ஒன்றைச் செய்து, தானாக அலுத்து, மீண்டும் ஒன்றைத் தொடங்கும் வாய்ப்பு எங்கே? கைப்பேசியைப் பிடுங்கினால் மட்டும் போதாது. அதற்கு ஈடாக ஒன்றைக் கையில் தர வேண்டும்.

நம் பெண்பிள்ளைகளின் நிலையைத் தனியே சொல்ல வேண்டும். பத்து, பதினொரு வயதானதும் தெரு அவர்களுக்கு மூடிக்கொள்கிறது. அண்ணனும் தம்பியும் அஸருக்குப் பின் மைதானத்திற்கு ஓட, அவள் சமையற்கட்டின் சன்னல் வழியே வானத்தைப் பார்க்கிறாள். அவளைத் தெருவில் விடுங்கள் என்று நான் வாதிடவில்லை. வீட்டுச் சுற்றுச்சுவருக்குள்ளேயே காற்றும் நிழலும் அவளுக்கென்று ஓர் இடமும் தர முடியுமே, அதை ஏன் தரவில்லை என்றே கேட்கிறேன். பிள்ளைகளுக்கு இடையே நீதமாக நடக்குமாறு நுஃமான் இப்னு பஷீர் (ரலி) அவர்கள் அறிவிக்கும் ஹதீஸில் நபியவர்கள் வலியுறுத்தியது அன்பளிப்பைக் குறித்து. விளையாடும் இடமும் ஓர் அன்பளிப்பு அல்லவா?

அமைக்கும் முறை

இடத்தைத் தேர்வதில்தான் பாதி வெற்றி. வேம்பு, புங்கை, மா ஆகியவற்றின் நிழல் நல்லது. மாமரமாயின் முசுறு எறும்பு இல்லாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். இராஜபாளையத்தில் தென்னை மிகுதி. ஆயினும் தென்னையின் கீழ் குடில் கூடவே கூடாது. தேங்காயும் மட்டையும் சொல்லிவிட்டு விழுவதில்லை. முருங்கையும் ஆகாது, கிளை முறியும், கம்பளிப்புழு கொட்டும். கிணறு, தண்ணீர்த் தொட்டி, மின்கம்பி, பூச்சிமருந்து வைக்கும் கொட்டகை ஆகியவற்றிலிருந்து விலகியே இருக்கட்டும். மலையடிவாரத் தோப்புகளில் யானையும் காட்டுப்பன்றியும் வந்து போகும் ஆதலின், அங்கே பிள்ளைகளுக்குக் குடில் அமைப்பதைத் தவிர்த்து, வீட்டுக் கொல்லையையே தேர்ந்தெடுங்கள்.

குடிலை மரத்தின்மேல் அமைக்காமல் மரத்தின் அருகே, தன் கால்களில் நிற்குமாறு அமைப்பதே சிறந்தது. மரம் பருக்கும், காற்றில் அசையும். அதில் அறைந்த சட்டம் நாளடைவில் தளரும். இறுகக் கட்டிய கயிறு பட்டையை நெரித்துக் கிளையைக் கொல்லும். ஆடிக்காற்று வீசும் நம் பகுதியில் இது விளையாட்டான செய்தியன்று.

ஆறடி நீளம், ஐந்தடி அகலம், உள்ளே ஐந்தடி உயரம் இருந்தால் நான்கு பிள்ளைகள் தாராளமாக அமரலாம். பெரியவர் குனிந்தே நுழைய வேண்டிய அளவாக இருப்பதுதான் அழகு. தளம் தரையிலிருந்து இரண்டடி உயரத்தில் இருந்தால் போதும். பாம்பும் தேளும் ஈரமும் அண்டாது; விழுந்தாலும் பெருங்காயம் இல்லை. நான்கு கால்களையும் மண்ணில் புதைக்காமல் கருங்கல்லின் மீதோ கான்கிரீட் கட்டையின் மீதோ நிறுத்தி, இரும்புப் பட்டையால் பிணையுங்கள். மண்ணில் புதைந்த மரம் கரையானுக்கு விருந்து. கால்களுக்கு இடையே சாய்வாகக் குறுக்குச் சட்டம் கொடுத்தால்தான் குடில் ஆடாது. தளச் சட்டங்களை ஒன்றரை அடிக்கு ஒன்றாக வைத்து, ஓரங்குலக் கனமுள்ள பலகைகளை மழைநீர் வடியச் சிறிது இடைவெளி விட்டுப் பரப்புங்கள். ஆணியைவிடத் திருகாணியும் போல்ட்டும் உறுதியானவை. பின்னர் கழற்றி மாற்றவும் எளிது. பலகை ஓரங்களை உப்புத்தாள் கொண்டு நன்கு தேய்த்தால் சிராய் ஏறாது.

தளத்தைச் சுற்றி மூன்றடி உயரத்திற்குக் கைப்பிடிச் சட்டம் அவசியம். சட்டங்களின் இடைவெளி மூன்றரை அங்குலத்தைத் தாண்டினால் சிறு குழந்தையின் தலை சிக்கிக்கொள்ளும். தடுப்புச் சுவர் இல்லாத மாடியில் உறங்குவதை எச்சரித்த ஹதீஸ் அபூதாவூதில் உள்ளது. உயரமான இடத்திற்குத் தடுப்பு வேண்டும் என்பதை நம் மார்க்கம் எத்துணைக் கருத்தோடு பார்க்கிறது பாருங்கள்!

மரத்திற்காகப் பெருஞ்செலவு வேண்டாம். இடித்த வீடுகளின் சட்டங்களும் பலகைகளும் பழைய மரக்கடைகளில் கிடைக்கும். வேம்பு கரையானை எளிதில் அண்டவிடாது. முதிர்ந்த தென்னையின் வெளிப்பகுதி உறுதியானது, உட்பகுதி மென்மையானது. ஆதலின் வெளிப்பலகையையே கேட்டு வாங்குங்கள். பனங்கை கிடைத்தால் பழையதாகவே இருக்கட்டும். பனையை வெட்ட மாவட்ட ஆட்சியரின் அனுமதி வேண்டும் என 2021 ஆம் ஆண்டில் தமிழக அரசு அறிவித்துள்ளது. காட்டு மரத்தின் பக்கம் திரும்பவும் வேண்டாம். அது ஹலாலும் அன்று, சட்டமும் அன்று. சரக்குப் பெட்டிப் பலகைகளில் ‘எம்.பி.’ என்ற ஆங்கில எழுத்து முத்திரை இருந்தால் அது நச்சுப்புகை ஊட்டப்பட்ட மரம், விட்டுவிடுங்கள். பழைய கதவுகளின் பெயிண்டில் ஈயம் கலந்திருக்கக் கூடும். வீட்டுப் பெயிண்டில் ஈயத்தைக் கட்டுப்படுத்தும் விதி நம் நாட்டில் 2017 நவம்பரில்தான் நடைமுறைக்கு வந்தது. ஆகவே பழைய பெயிண்ட் பூசிய பலகையைப் பிள்ளைகளின் குடிலுக்குக் கொண்டுவர வேண்டாம். கரையானுக்கென்று கழிவு ஆயில் பூசும் வழக்கமும் இங்கே ஆகாது.

கூரை பற்றி ஓர் எச்சரிக்கை

தென்னங்கீற்று கைக்கெட்டும் தூரத்தில் இருக்கும் ஊர் இது. குளிர்ச்சியானது, மலிவானது. எனினும் வேண்டாம் என்றே சொல்வேன். 2004 ஆம் ஆண்டு ஜூலை 16 ஆம் நாள் கும்பகோணத்துப் பள்ளியொன்றில் கீற்றுக் கூரையில் பற்றிய நெருப்பு 94 பிஞ்சுகளின் உயிரைக் குடித்ததைத் தமிழகம் மறக்க முடியுமா? அடுத்துள்ள சிவகாசியோ பட்டாசுக்குப் பெயர் பெற்ற ஊர். பண்டிகை நாள்களில் வானவெடியின் ஒரு பொறி எங்கிருந்தும் வந்து விழலாம். ஆதலின் பலகையையே சாய்வாகப் பரப்பி, ஒன்றன்மேல் ஒன்று ஏறியமருமாறு பொருத்துங்கள். கூரைக்கும் சுவருக்கும் இடையே அரையடி திறந்திருந்தால் வெப்பம் தங்காது. தகரம் நம் வெயிலுக்கு அடுப்பாகிவிடும். கூட்டாஞ்சோறு ஆக்கி விளையாடட்டும். குடிலுக்குள் தீப்பெட்டியும் மெழுகுவத்தியும் கொசுவத்தியும் நுழையக் கூடாது.

வாசலுக்கு எதிர்ப்புறம் இன்னொரு திறப்பும் விடுங்கள். அணிலின் பாடம் நினைவிருக்கட்டும்! கதவுக்குத் தாழ்ப்பாள் வேண்டாம். ஒரு திரைத்துணி போதும். சமையற்கட்டிலிருந்து பார்த்தால் பிள்ளைகள் தெரிய வேண்டும். அவர்கள் பேசுவது கேட்கக் கூடாது. அத்தகைய தூரமே நல்ல தூரம்.

இன்னொன்று, வேலை முழுவதையும் ஆசாரியிடம் ஒப்படைத்துவிட்டு முடிந்தபின் பிள்ளைகளைக் கூப்பிடாதீர்கள். கால் நிறுத்துவதும் சட்டம் பூட்டுவதும் தச்சர் செய்யட்டும். பலகையை அளப்பதும், தேய்ப்பதும், திருகாணி முடுக்குவதும் பிள்ளைகள் செய்யட்டும். பலகை கோணலாகப் போனால் போகட்டும். பத்தாண்டுகள் பணிவிடை செய்த அனஸ் (ரலி) அவர்களை, ஏன் இப்படிச் செய்தாய் என்று நபியவர்கள் ஒருமுறையும் கேட்டதில்லை என்பதை அந்த நேரத்தில் நினைவுகூருங்கள்.

குடிலின் ஒழுக்கங்கள்

குடில் அமைவதோடு காரியம் முடியவில்லை. அதற்கென்று சில ஒழுங்குகள் வேண்டும்.

முதலாவது, பெரியவர்களுக்குரியது. பருவமடையாத பிள்ளைகளும் சுபுஹுக்கு முன்பும், நண்பகலில் ஆடை களைந்து ஓய்வெடுக்கும்போதும், இஷாவுக்குப் பின்பும் நம் அறைக்குள் நுழைய அனுமதி கேட்க வேண்டும் என்று திருக்குர்ஆனின் அந்நூர் அத்தியாயம் கற்பிக்கிறது. நம் தனிமையை மதிக்க அவர்களுக்குக் கற்றுத்தருகிறோம். அவர்களின் தனிமையை நாம் மதிப்பதைக் கண்டால்தானே அந்தப் பாடம் உள்ளத்தில் ஊன்றும்? இதை மார்க்கச் சட்டமாக நான் கூறவில்லை. ஒழுக்கத்தின் அழகாகக் கூறுகிறேன். நபியவர்கள் சிறுவர்களைக் கடந்து செல்லும்போது அவர்களுக்கு ஸலாம் கூறுவார்கள் என்பது அனஸ் (ரலி) அவர்களின் அறிவிப்பு. நீங்களும் குடிலின் வாசலில் நின்று ஸலாம் கூறுங்கள். ‘வரலாமா?’ என்று கேளுங்கள். ‘இப்போது வேண்டாம் அத்தா’ என்று பதில் வந்தால் முகம் சுளிக்காமல் திரும்புங்கள். அன்று அந்தப் பிள்ளை கற்றுக்கொள்வதைப் பத்து நாள் உபதேசத்தாலும் கற்பிக்க இயலாது.

இரண்டாவது, பாதுகாப்பு. மதிப்பு என்பது கண்டுகொள்ளாமை ஆகாது. உறவினராயினும், ஓதிக்கொடுப்பவராயினும், வளர்ந்த எவரும் தனியாக ஒரு பிள்ளையுடன் குடிலுக்குள் அமரக் கூடாது என்பதை வீட்டின் விதியாக்குங்கள். பிள்ளைகளுக்கும் அதைச் சொல்லி வையுங்கள். யஃகூப் (அலை) அவர்கள் அஞ்சிய கவனக்குறைவு நம்மிடம் நேரக் கூடாது.

மூன்றாவது, அண்டை வீட்டாரின் உரிமை. பிறர் வீட்டுக்குள் பார்வை செல்வதைத் தடுக்கவே அனுமதி கேட்கும் முறை வந்தது என்று ஹதீஸில் காண்கிறோம். குடிலிலிருந்து பார்த்தால் பக்கத்து வீட்டுக் கிணற்றடியும் குளியலறையும் தெரியுமாயின் அந்தப் பக்கத்தைப் பலகையால் அடைத்துவிடுங்கள். உயரம் வேண்டாம் என்று நான் சொல்வதற்கு இதுவும் ஒரு காரணம். அண்டை வீட்டுப் பிள்ளைகள் எந்தச் சமயத்தினர் ஆயினும் அவர்களுக்கும் அங்கே இடம் இருக்கட்டும்.

நான்காவது, நேரம். அந்தி சாயும்போது பிள்ளைகளை வீட்டுக்குள் அழைத்துக்கொள்ளுமாறு நபியவர்கள் ஏவினார்கள். மக்ரிபு பாங்கு கேட்டதும் குடில் காலியாகட்டும். தின்பண்டத்தின் மிச்சத்தை அங்கே விட்டு வரக் கூடாது. மிச்சம் எலியை அழைக்கும். எலி பாம்பை அழைக்கும். மழைக்காலத்துக்கு முன்னும் பின்னும் ஒருமுறை கால்களையும் திருகாணிகளையும் பெரியவர் சோதிக்க வேண்டும்.

தோட்டம் இல்லாத வீட்டார்

‘எங்களுக்கோ ஒரே அறை, கொல்லைக்கு எங்கே போவது?’ என்று கேட்கும் சகோதரிகள் பலர் இருப்பீர்கள். ஆயிஷா (ரலி) அவர்களின் மாடம் எவ்வளவு பெரியது? அவர்கள் வாழ்ந்த இல்லமே சின்னஞ்சிறியது! அறையின் ஒரு மூலையில் கயிறு கட்டிப் பழைய புடவை ஒன்றைத் தொங்கவிடுங்கள், அதுவும் சிற்றில்தான். மொட்டை மாடி உள்ள வீட்டார் கைப்பிடிச் சுவரின் உயரத்தைச் சரிபார்த்து, நிழலான மூலையில் பலகைத் தளம் ஒன்று அமைக்கலாம். மதரஸாக்களில் திறந்தவெளி உண்டு. முத்தவல்லியும் ஜமாஅத்தாரும் மனம் வைத்தால், வக்ஃபின் நோக்கத்துக்கு முரணாகாமல் கலந்து பேசி, அங்கேயே ஒரு மரக்குடில் அமைத்துவிடலாம். மஹல்லாவின் ஏழைப் பிள்ளைகளுக்கும் அதில் பங்கு கிடைக்கும். ஓதுமிடம் என்றால் பிரம்பு நினைவுக்கு வரும் நிலை மாறி, நிழலும் நினைவுக்கு வரட்டுமே!

அன்பர்களே! இந்தக் குடில் நெடுநாள் நிற்கப்போவதில்லை. ஐந்தாறு மழைக்காலங்களில் பலகை இற்றுப்போகும். அதற்குள் பிள்ளைகளும் வளர்ந்து அதை மறந்துபோவார்கள். தன்னுடைய வாசலில் பெற்றோர் நின்று ஸலாம் கூறி அனுமதி கேட்டதை மட்டும் அவர்கள் மறக்க மாட்டார்கள். நாளை அவர்கள் ஒரு வீட்டுக்குத் தலைவராகவும் தலைவியாகவும் அமரும்போது, தம்மைவிடச் சிறியவரிடம் அவ்வாறே நடந்துகொள்வார்கள், இன்ஷா அல்லாஹ்.

நம் பிள்ளைகளைக் கண்குளிர்ச்சியாகவும், நம் இல்லங்களை அவர்களுக்கு நிழலாகவும் அல்லாஹ் ஆக்கி அருள்வானாக! ஆமீன். வஸ்ஸலாம்.